தெருவுக்குத் தெரு கேமரா: துட்டு போட்டது ஊர், பலன் யாருக்கு?

சென்னை நகரில் எந்தத் தெருமுனையில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஒரு கேமரா கண்ணில் படுகிறது. கடை வாசலில் ஒன்று. விளக்குக் கம்பத்தில் ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் ஒன்று.

இவற்றில் ஏராளமானவை சர்க்கார் பணத்தில் வாங்கியவை அல்ல. கடைக்காரர்களும், குடியிருப்போர் சங்கத்தாரும், கம்பெனிக்காரர்களும் கைக்காசு போட்டு மாட்டியவை.

கைக்காசு போட்டவர்களுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. திருட்டு குறைந்ததா? வழிப்பறி நின்றதா? ராத்திரி வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்து போகும் பெண் பயமில்லாமல் போக முடிகிறதா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பணம் போட முடியாத தெருவின் கதி என்ன?

பழைய காவல் கூலி

காவலுக்கு ஊரார் பணம் போடுவது புது வழக்கம் ஒன்றும் இல்லை.

ராத்திரியில் விசில் ஊதிக்கொண்டு, தடியைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் கூர்க்காவை நகரவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மாதம் பிறந்தால் வாசலில் வந்து ஒரு சல்யூட் அடிப்பார். வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து அனுப்புவார்கள். கொடுக்காத வீட்டு வாசலில் தடி சத்தம் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால், தெற்கத்தி மாவட்டங்களில் 'காவல் கூலி' என்ற முறை இருந்தது. ஊருக்கு ஒரு காவல்காரர். அறுவடை ஆனால் அவருக்கு நெல் அளக்க வேண்டும். திருட்டுப் போனால் அவர் பொறுப்பு.

கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது. போகப்போக அது வேறு மாதிரி ஆனது. கூலி கொடுக்காதவர் வீட்டு மாடு காணாமல் போகும். 'துப்புக்கூலி' கொடுத்தால் திரும்பி வரும்! காவல் எது, களவு எது என்று தெரியாமல் ஊரார் திண்டாடினார்கள்.

சர்க்கார் ஆட்களும் யோக்கியம் என்று சொல்ல முடியாது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் மக்களைச் சித்திரவதை செய்தார்கள் என்ற புகாரை விசாரிக்கத் தனிக் கமிஷனே போட்டார்கள். அதன் அறிக்கை 1855-ல் வந்தது. அதன் பிறகுதான், 1859-ல், மாகாணத்துக்கு என்று தனி போலீஸ் சட்டம் பிறந்தது.

சம்பளம் சர்க்கார் கொடுக்கும், காவல் எல்லோருக்கும் பொது என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை. பணம் உள்ளவன் வீட்டுக்கு ஒரு காவல், இல்லாதவன் வீட்டுக்கு ஒரு காவல் என்று இருக்கக் கூடாது. இன்று கேமரா வசூல் பற்றிப் பேசும்போது இந்தப் பழைய கதையை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

'மூன்றாவது கண்'

2017-ம் ஆண்டு ஏ.கே. விசுவநாதன் நகர போலீஸ் கமிஷனராக வந்தார். அவர் காலத்தில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் கேமரா மாட்டும் வேலை சூடு பிடித்தது. 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்பது இலக்கு.

இன்ஸ்பெக்டர்களும் ஏட்டுகளும் தெருத்தெருவாகப் போனார்கள். வியாபாரிகளைக் கூட்டிப் பேசினார்கள். குடியிருப்போர் சங்கங்களும் தனியார் கம்பெனிகளும் பணம் போட்டன. சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை லட்சங்களைத் தாண்டியது.

2020-21 வாக்கில் ஒரு தனியார் நிறுவனம் உலகப் பெருநகரங்களைக் கேமரா நெருக்கத்தில் வரிசைப்படுத்தியது. சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்ற கணக்கில் சென்னைக்கு முதல் இடம்! லண்டனும் பீஜிங்கும் பின்னால் நின்றன.

இதனால் துப்புத் துலக்குவது சுலபமானது என்பதை மறுக்க முடியாது. முன்பெல்லாம் சங்கிலி பறிகொடுத்த அம்மாள் ஸ்டேஷனுக்கு வந்து, "கறுப்பு பைக்குங்க, ரெண்டு பேருங்க" என்று அழுவார். அதோடு துப்பு அறுந்து போகும். இப்போது சம்பவம் நடந்த தெருவின் கேமராவில் பைக்கைப் பிடிக்கிறார்கள். அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று கேமராவுக்குக் கேமரா தாவி, ஆசாமி எந்தப் பேட்டைக்குள் புகுந்தான் என்பது வரை போய்விடுகிறார்கள். கோர்ட்டில் காட்டவும் ஒரு சாட்சி கிடைக்கிறது. பயந்து போய்ப் பல்டி அடிக்காத சாட்சி.

ஆனால் பிடிப்பது வேறு, நடக்காமல் தடுப்பது வேறு.

கேமராவால் குற்றம் எவ்வளவு குறைகிறது என்று பல நாடுகளில் 40 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து நிபுணர்கள் 2019-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். கேமரா இருந்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்தது. வண்டி நிறுத்தும் இடங்களில் பலன் அதிகம். அடிதடி, வெட்டு, குத்து போன்றவற்றில் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை.

முக்கியமான விஷயம் ஒன்று அதில் உண்டு. திரைக்கு முன்னால் ஆள் உட்கார்ந்து கவனிக்கிற இடத்தில்தான் பலன் கூடுதல். மாட்டிவிட்டு மறந்துபோன கேமரா சும்மா ஒரு பொம்மை.

அந்தப் பொம்மைகள் நம் தெருக்களில் கொஞ்சமா? மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டினால் ஒயர் அறுகிறது. ஐப்பசி மழையில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குகிறது. ஹார்ட் டிஸ்க் ரிப்பேர் ஆனால் மாற்ற ஆளில்லை. மாட்டும்போது ரிப்பன் வெட்டப் பத்துப் பேர் வருவார்கள். ரிப்பேருக்கு வசூல் பண்ண ஒருவரும் வர மாட்டார்.

துட்டு இல்லாத தெரு

இப்போது அந்த இன்னொரு கேள்விக்கு வருவோம்.

தி. நகர், சவுகார்பேட்டை மாதிரி இடங்களில் வியாபாரிகள் மனசு வைத்தால் ஒரே நாளில் வசூல் முடியும். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் என்ன செய்வது?

நகரத்தின் நடுவே கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்த குடிசைகளைக் காலி செய்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். பெண்கள் பல பேர் வீட்டு வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். அவர்களிடம் போய், "ஒரு கேமராவுக்கு இவ்வளவு கொடுங்க" என்று நோட்டை நீட்ட முடியுமா?

இதுதான் வசூல் முறையில் உள்ள ஓட்டை. பறிகொடுக்க நகை உள்ளவர் தெருவில் பத்துக் கண். தினமும் பயந்து வாழ்கிற தெருவில் ஒன்று. கொடுப்பவர் மேல் குற்றம் இல்லை. அவரவர் தெருவை அவரவர் பார்த்துக்கொள்வது இயற்கை. ஆனால் நகரக் காவல் முழுக்க அந்தக் கணக்கில் போனால், காவல் கூலி காலத்துக்கே திரும்பிய மாதிரி ஆகிவிடும்.

சர்க்கார் பணமும் வராமல் இல்லை. டெல்லி கொடுமைக்குப் பிறகு, 2013-ல் மத்திய அரசு 'நிர்பயா நிதி' தொடங்கியது. அதிலிருந்து பெண்கள் பாதுகாப்புக்காக 2018-ல் எட்டுப் பெருநகரங்களுக்குத் திட்டம் அனுமதிக்கப்பட்டது. சென்னைக்கு சுமார் 425 கோடி ரூபாய். இதுவும் பெரும்பாலும் கேமரா, கட்டுப்பாட்டு அறை, கருவி என்றே திட்டமிடப்பட்டது.

அதே நேரத்தில் எளிமையான ஒரு சாமான் இருக்கிறது. தெருவிளக்கு.

அமெரிக்காவின் நியூயார்க்கில் 2016-ல் ஒரு பரீட்சை நடத்தினார்கள். சர்க்கார் கட்டிக் கொடுத்த ஏழைகள் குடியிருப்புகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதியில் மட்டும் பிரகாசமான விளக்கு வைத்தார்கள். விளக்கு வைத்த இடங்களில் ராத்திரி நேரத்து வெளிப்புறக் குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. அந்தக் குடியிருப்புகள் கிட்டத்தட்ட நம் குடிசை மாற்று வாரிய அடுக்குமாடி மாதிரிதான்.

போலீசுக்குத் துட்டு யார் தருவது?

இந்திய அரசியல் சட்டப்படி போலீஸ் மாநில சர்க்கார் விஷயம். லண்டனிலும் அமெரிக்க நகரங்களிலும் ஊர் வரியில் ஒரு பங்கு ஊர் போலீசுக்குப் போகிறது. அதனால் ஊர் மன்றத்தில் போலீஸ் அதிகாரியை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்கள்.

சென்னையில் அப்படி இல்லை. மாநகராட்சியில் 200 வார்டு இருக்கிறது. 200 கவுன்சிலர் இருக்கிறார்கள். தன் வார்டில் எத்தனை போலீசார் ரோந்து போகிறார்கள் என்று அதிகாரத்தோடு கேட்க ஒரு கவுன்சிலருக்கும் வழி இல்லை. விளக்கு மாநகராட்சி கையில், ரோந்து கமிஷனர் கையில், பணம் கோட்டையில்.

போலீசுக்குக் கோட்டையிலிருந்து வரும் பணத்தில் சிங்கத்தின் பங்கு சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் போய்விடும். கீழே ஸ்டேஷன் வரை சில்லரைச் செலவுக்கு வந்து சேர்வது சொற்பம். பேப்பர், ஜெராக்ஸ், அனாதைப் பிணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி, வெளியூர் போய்க் கைதியைக் கூட்டிவரச் சாப்பாட்டுச் செலவு. இதெல்லாம் தினமும் வருகிற செலவு.

சில்லரை இல்லாத ஸ்டேஷன் என்ன செய்யும்? புகார் கொடுக்க வந்தவர் தலையில் கட்டும். இல்லாவிட்டால் பேட்டைப் பெரிய மனிதரைத் தேடிப் போகும்.

சாலை நடுவே போலீஸ் வைக்கும் இரும்புத் தடுப்பைப் பாருங்கள். மேலே "மெதுவாகச் செல்லவும்". கீழே நகைக்கடை பெயரோ, ஜவுளிக்கடை பெயரோ கொட்டை எழுத்தில். நகரவாசிகள் பல வருஷமாகப் பார்த்துப் பழகிய காட்சி இது. யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தோன்றுவதில்லை.

ஆனால் தடுப்பு வாங்கிக் கொடுத்த முதலாளிமேல் நாளைக்கு அவர் கடைச் சிப்பந்தி ஒரு புகார் கொடுத்தால்? கேமரா வாங்கிக் கொடுத்த சங்கத் தலைவரும், பக்கத்துத் தெருத் தள்ளுவண்டிக்காரரும் மோதிக்கொண்டால்? இன்ஸ்பெக்டர் நேர்மையானவராகவே இருக்கட்டும். தள்ளுவண்டிக்காரர் அதை நம்புவாரா? அவர் கண்ணெதிரே அந்தப் பெயர்ப் பலகை தொங்குகிறதே!

புகார் எழுதிக் கொடுக்கவோ, முதல் தகவல் அறிக்கை நகல் வாங்கவோ ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. நகல் இலவசம் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் இருக்கிறது. எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்பதும் புதுச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

திருச்சி காட்டிய வழி

பணத்தைவிட ஆள் முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு.

1998 பிப்ரவரியில் கோவையில் குண்டு வெடித்து 58 பேர் மாண்டார்கள். தமிழ்நாடு முழுக்க ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்த நேரம். அடுத்த ஆண்டு திருச்சிக்குப் போலீஸ் கமிஷனராக வந்தார் ஜே.கே. திரிபாதி. பிற்பாடு தமிழகப் போலீஸ் டி.ஜி.பி.யாக இருந்தவர்.

நகரத்தைச் சிறு சிறு பீட்டாகப் பிரித்தார். ஒவ்வொரு பீட்டுக்கும் குறிப்பிட்ட காவலர்களை நிரந்தரமாகப் போட்டார். அவர்களை இங்கே அங்கே என்று இழுக்கவில்லை. தெருக்காரர்களுக்கு அவர்கள் பெயர் தெரியும். அவர்களுக்கு வீட்டுக்காரர்களைத் தெரியும். பெயர் போடாமல் புகார் எழுதிப் போட ஆங்காங்கே பெட்டி வைத்தார்கள். குடிசைப் பகுதிகளைப் போலீசாரே தத்து எடுத்தார்கள். பெண்களுக்குத் தனி உதவி ஏற்பாடு நடந்தது.

இதில் கோடிக்கணக்கில் செலவான சாமான் எது? ஒன்றும் இல்லை. சாதாரண கான்ஸ்டபிளுக்குப் பொறுப்பும் மரியாதையும் கொடுத்தார்கள். லத்தியோடு நிற்கிறவர் என்ற நிலை மாறி, தெருப் பிரச்சினையைப் பேசித் தீர்க்கிற ஆளானார்.

2008-ல் கேரளா 'ஜனமைத்ரி' என்ற பெயரில் இதே மாதிரி ஒன்றை 20 ஸ்டேஷன்களில் ஆரம்பித்து, பிறகு மற்ற ஸ்டேஷன்களுக்கும் கொண்டுபோனது. பீட் போலீஸ்காரர் வீடு வீடாகப் போக வேண்டும் என்பது அங்கே திட்டத்தின் உயிர்.

திருச்சியில் கமிஷனர் மாறினார். பின்னால் வருபவருக்கு அதே அக்கறை இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு அதிகாரியோடு பிறக்கும் திட்டம் அவரோடு மாற்றலாகிப் போவது இந்த நாட்டில் சகஜம்.

நண்பர் என்ற பெயரில்...

1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் 'போலீஸ் நண்பர்கள் குழு' தொடங்கினார். பொதுமக்களில் நல்லவர்கள் முன்வந்து போலீசுக்கு உதவ வேண்டும் என்பது நோக்கம். ராத்திரி ரோந்துக்குத் துணை, திருவிழாக் கூட்டத்தில் உதவி, துப்புச் சொல்லுதல். திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. வெளிநாட்டிலும் பாராட்டுக் கிடைத்தது.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் சம்பவம் நாட்டையே உலுக்கியது. ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகப் பிடித்துப் போன தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஸ்டேஷனில் அடித்த அடிதான் காரணம் என்று ஊரே கொதித்தது. கேஸ் சி.பி.ஐ. கைக்குப் போனது.

தன்னார்வலர்கள் சிலர் மேலும் விரல் நீண்டது. தங்கள் ஆட்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று குழுவின் தரப்பில் மறுத்தார்கள். ஆனாலும் 2020 ஜூலையில் அந்தக் குழுவுக்கே தமிழக அரசு தடை போட்டது.

அந்தக் கேஸில் கேமரா பற்றிய ஒரு விவரம் திடுக்கிட வைப்பது. விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷனுக்குள் இருந்த கேமராவைப் பார்த்தார். ஹார்ட் டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் அன்றாடம் பதிவானது தானாகவே அழியும்படி செய்து வைத்திருந்தார்கள்! சம்பவ ராத்திரியின் படம் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ம் தேதி சுப்ரீம் கோர்ட், வேறொரு வழக்கில், நாட்டில் உள்ள எல்லாப் போலீஸ் ஸ்டேஷனிலும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வரை பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. தெருவைப் பார்க்கும் கண்ணுக்கு ஊரார் பணம் கொடுத்தால், லாக்கப்பைப் பார்க்கும் கண்ணும் விழித்திருக்கிறதா என்று ஊரார் கேட்பதில் தப்பே இல்லை.

பொதுமக்களைப் போலீஸ் வேலைக்குச் சேர்ப்பதில் உள்ள ஆபத்தும் இங்கே தெரிகிறது. கையில் அடையாள அட்டை, பக்கத்தில் இன்ஸ்பெக்டர் என்று ஆனால் சில பேருக்குத் தலை கனத்துவிடும். சட்டப் பொறுப்பு கிடையாது. அதிகாரத் தோரணை மட்டும் வரும். பொதுமக்கள் போலீசோடு உட்கார்ந்து பேச வேண்டும், கணக்குக் கேட்க வேண்டும், துப்புச் சொல்ல வேண்டும். லத்தி பிடிக்கக் கூடாது.

பரீட்சை சொன்ன பாடம்

'மக்களும் போலீசும் கைகோத்தால் குற்றம் ஒழியும்' என்று மேடையில் பேசுவது சுலபம். உண்மையில் ஒழியுமா என்று பரீட்சை வைத்தே பார்த்திருக்கிறார்கள்.

பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. சில பகுதிகளில் கூட்டம் போட்டார்கள், ரோந்தைக் கூட்டினார்கள், மக்களோடு பேசினார்கள். முடிவு? குற்றமும் குறையவில்லை. போலீஸ்மேல் நம்பிக்கையும் கூடவில்லை.

ஏன் என்றும் ஆய்வாளர்கள் சொன்னார்கள். மேலதிகாரிகளுக்கு நிலையான அக்கறை இல்லை. போலீசாரை அடிக்கடி மாற்றினார்கள். மக்கள் சொன்ன குறையைத் தீர்க்கப் போதுமான பணமும் ஆளும் ஸ்டேஷனில் இல்லை. கூட்டத்தில் குறை கேட்டுவிட்டு, ஒன்றும் செய்யாமல் போனால் அடுத்த கூட்டத்துக்கு யார் வருவார்?

நம் நாட்டிலேயே ராஜஸ்தானில் 11 மாவட்டங்களில், 162 ஸ்டேஷன்களில் ஒரு பரீட்சை நடந்தது. ஸ்டேஷனில் பொதுமக்கள் வந்து உட்கார்ந்து பார்வையிடுவது ஒரு சீர்திருத்தம். போலீசாரை இடம் மாற்றாமல் வைப்பது ஒன்று. விசாரணையிலும் பேச்சிலும் பயிற்சி கொடுப்பது ஒன்று. வார லீவு கொடுத்து, வேலையை மாற்றி மாற்றித் தருவது ஒன்று.

எது பலித்தது? பயிற்சியும், இடம் மாற்றாமல் வைத்ததும் பலித்தன. பொதுமக்கள் பார்வையிடுவது பெரிதாகப் பலிக்கவில்லை. வார லீவு காகிதத்தில் இருந்ததே தவிர, சரியாக நடக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் 2021-ல் காவலர்களுக்கு வார விடுமுறை என்று அரசு உத்தரவு வந்தது. இரண்டு நாள் தூங்காமல் பந்தோபஸ்து பார்த்துவிட்டு வரும் ஏட்டு, புகார் கொடுக்க வந்த பெண்ணிடம் எரிந்து விழாமல் இருக்க வேண்டும் என்றால், அந்த லீவு நிஜமாகவே அவர் கைக்குக் கிடைக்க வேண்டும். இதுவும் குற்றத்தைக் குறைக்கும் செலவில் சேர்ந்ததுதான்.

நூறில் ஒரு பங்கு

பிள்ளைகள் விஷயத்தையும் பார்க்க வேண்டும்.

கேடி என்று யாரும் தொட்டிலிலேயே பிறப்பதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பையன், பேட்டையில் இரண்டு கேஸில் பெயர் எடுத்த 'அண்ணன்' பின்னால் சுற்ற ஆரம்பிக்கிறான். போதை மாத்திரை, பைக், கத்தி என்று அது வளர்கிறது. அவன் கையில் கத்தி வந்த பிறகு அவனைப் படம் பிடிக்கத்தான் கேமராவால் முடியும்.

குடிசைப் பகுதிகளில் போலீசார் நடத்தும் சிறுவர் மன்றங்கள் இதற்காகவே வந்தவை. கேரம் போர்டு, டியூஷன், விளையாட்டு. நடத்துகிற இடத்தில் பையன்கள் போலீஸைப் பார்த்து ஓடுவதில்லை.

2022 செப்டம்பரில் சென்னையில் 'சிற்பி' என்ற திட்டம் தொடங்கியது. 100 அரசு, மாநகராட்சிப் பள்ளிகள்; பள்ளிக்கு 50 பிள்ளைகள்; மொத்தம் 5,000 பேர். ஒழுக்கம், சட்டம், போதை ஒழிப்பு என்று போலீசார் சொல்லித் தர ஏற்பாடு. செலவு சுமார் 4.25 கோடி. ஒரு பிள்ளைக்குக் கணக்குப் போட்டால் 8,500 ரூபாய்.

கருவிகளுக்குப் பெரும்பங்கு போகும் நிர்பயா திட்டத்தில் சென்னைக்கு 425 கோடி. பிள்ளைகளுக்கு 4.25 கோடி. நூறில் ஒரு பங்கு!

இரண்டும் வேறு வேறு திட்டம், வேறு வேறு நிதி என்பது வாஸ்தவம். இருந்தாலும் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் தராசு சாய்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

என்ன செய்யலாம்?

கேமராவைக் கழற்றிவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இருப்பதை ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம். ஸ்டேஷன் வாசலில் ஒரு கரும்பலகை போதும். இந்த எல்லையில் எத்தனை கேமரா, இன்றைக்கு எத்தனை வேலை செய்கிறது, இந்த மாதம் எத்தனை திருட்டு, எத்தனை துப்புத் துலங்கியது என்று எழுதிவிடலாம்.

ஊரார் கொடுக்கும் நன்கொடை ஸ்டேஷனுக்கு நேராகப் போகக் கூடாது. நகரம் முழுக்கப் பொதுவான ஒரு கணக்கில் ரசீதோடு சேர வேண்டும். தணிக்கை நடக்க வேண்டும். கொடுத்தவர் பெயர் தடுப்பிலும் தூணிலும் தொங்க வேண்டாம். சேர்ந்த பணத்தில் ஒரு பங்கு, கொடுக்க முடியாத பகுதிகளின் விளக்குக்கும் கேமராவுக்கும் கட்டாயம் போக வேண்டும்.

பீட் காவலரைக் குறைந்தது இரண்டு வருஷம் ஒரே பகுதியில் வைக்க வேண்டும். ஏ.டி.எம். வாசலிலும் கோவில் சுவரிலும் தொங்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதோடு அவர் வேலை முடியக் கூடாது. தெருவில் பத்துப் பேருக்காவது அவர் முகம் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் வார்டு கமிட்டி, பகுதி சபை என்ற ஏற்பாட்டுக்கு 2022-ல் விதிகள் வந்தன. அந்தக் கூட்டங்களுக்கு ஸ்டேஷன் அதிகாரி ஒருவரும் வந்து உட்கார்ந்தால் என்ன? விளக்கு எரியவில்லை என்ற புகாருக்கு மாநகராட்சி அதிகாரி பதில் சொல்லட்டும். அந்த இருட்டில் ரோந்து ஏன் இல்லை என்பதற்குப் போலீஸ் அதிகாரி பதில் சொல்லட்டும். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால், "அது அவங்க டிபார்ட்மெண்ட்" என்று தட்டிக் கழிப்பது கஷ்டம்.

இதற்கெல்லாம் கோட்டையிலிருந்து உத்தரவு வர நாளாகலாம். அதுவரை ஒரு காரியத்தைத் தெருக்காரர்களே செய்யலாம். கேமரா ரிப்பேர் வசூலுக்கு நோட்டோடு ஆள் வரும்போது, பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேட்கட்டும். போன தடவை வாங்கியதில் எத்தனை வேலை செய்கிறது? பதிவு எத்தனை நாள் இருக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள்? இந்தத் தெரு பீட் காவலர் பெயர் என்ன?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், நேராக ஸ்டேஷனுக்குப் போய் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கலாம். அதற்கு வசூல் எதுவும் தேவையில்லை.